பஞ்சுவின் வால்

ஆந்தைப் புகைப்படக்காரருக்கு,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. சூடு பண்ணிச் சாப்பிடுங்க, இல்ல பட்டினி கிடங்க. உங்க இஷ்டம்.

பரிசு வாங்கின உங்க படத்தை பிரேம் கடைக்காரர் நேத்து கொண்டாந்து குடுத்தார். ஆள் உயரத்துக்குப் பெருசு பண்ணியிருக்கார். அந்த விடியக்கால வெளிச்சத்துக்காகக் காட்டுல தவம் கிடந்தேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டீங்களே, வெளிச்சம் அழகாத்தான் இருக்கு. இறகு இறகா எண்ணலாம்.

ஆந்தை வாயில ஒரு வெள்ளை எலி தொங்குது. போன்ல பார்த்தப்போ ஏதோ காட்டு எலின்னு விட்டுட்டேன். இவ்வளவு பெருசுல பார்த்தாதான் தெரியுது, வால் நுனியில சிவப்பு நெயில் பாலிஷ்.

பாப்பா வச்சது.

கூண்டை ஒழுங்கா மூடாம பஞ்சுவை ஓட விட்டுட்டியேன்னு அவளையே திட்டினீங்க. அவளும் தன் தப்புன்னு நம்பி, அழுது அழுது காய்ச்சல்ல விழுந்தா. ஆந்தையை வரவழைக்க உங்களுக்கு வேற எலியே கிடைக்கலையா? வாயில நல்லா வருது, பேப்பர்ல எழுத முடியல.

படத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிருக்கேன். அவ ஸ்கூல்ல இருந்து வர்றப்போ நீங்க வீட்டுல இருக்கணும். நான் வர லேட்டாகும்.

பி.கு: பஞ்சு வரும்னு பாப்பா தினமும் கதவோரம் பிஸ்கட் வச்சுட்டுத்தான் படுக்கிறா. அவ எழுந்திரிக்கிறதுக்குள்ள அதை எடுத்துடுறது நான்தான். இன்னைக்கு எடுக்கல. "பஞ்சுவுக்குப் பசிக்கலையாம்மா?"ன்னு கேட்டா. சாயங்காலம் அப்பாகிட்ட கேளுன்னு சொல்லியிருக்கேன்.