முகத்துக்கு வாளி எடுக்காதே

உன் முகத்தை வெளுத்துவிட்டார்கள். அதுவும் நம் பேனர் கடையில், நீ உட்கார்ந்து படம் திருத்திய அதே கம்ப்யூட்டரில்.

இன்று காலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் இளநீர் குடிக்க நின்றேன். வண்டிக்கு மேல் நிழலுக்காகப் பழைய பேனர் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அண்ணாந்து பார்த்தால், போன வருடம் நீ காய்ச்சலில் போனபோது அடித்த கண்ணீர் அஞ்சலி பேனர். ரோஜாப்பூ நிறத்தில் யாரோ ஒருத்தி உன் மூக்குத்தியைப் போட்டுக்கொண்டு சிரித்தாள். "வழுக்கையா வேணுமாம்மா?" என்று இளநீர்க்காரர் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்த பிறகும் கிரிவலக் கூட்டத்துக்கு நிழல் கொடுக்கிறாய்.

நீ போன அன்று என்னால் வேலைக்கு வர முடியவில்லை; பேனரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. முதலாளிதான் செய்தார். வருகிற முகத்தையெல்லாம் கேட்காமலே வெளுப்பது அவர் வழக்கம் என்று உனக்குத் தெரியும். கஸ்டமரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "கொஞ்சம் பளிச்சுனு" என்பார்கள், அவ்வளவுதான். கறுப்பு என்றால் கூலிக்காரன், கறுப்பு என்றால் சேரி, கறுப்பு என்றால் கல்யாணம் தட்டிப்போகிறவள். இந்தப் பாடத்தை இங்கே யாரும் யாருக்கும் நடத்த வேண்டியதில்லை. "செங்கம் ரோட்டு ஆசிரமத்துல வெள்ளக்காரங்க கறுக்கறதுக்கு வெயில்ல காயறாங்க. நம்மாளுங்க வெளுக்கறதுக்கு நம்மகிட்ட வராங்க. ரெண்டு கூட்டத்தையும் மாத்தி வுட்டுட்டா நமக்கு வேலையே இல்லடி" என்பாய்.

நான் சேர்ந்த புதிதில், ஒரு மாப்பிள்ளையின் அப்பா கல்யாண பேனரில் தன் வெள்ளைச் சட்டையை மஞ்சளாக்கச் சொன்னார். நான் கம்ப்யூட்டரில் நிறம் ஊற்றும் வண்ண வாளியை எடுத்துப் படத்தில் சட்டைமேல் கவிழ்த்தேன். அதற்கு எல்லா வெள்ளையும் ஒன்றுதான். சட்டையோடு மீசை, பல் எல்லாம் மஞ்சளாகிவிட்டன.

"சட்டைக்குத்தாம்மா சொன்னேன். பல்லுக்கு எதுக்கு?"

"பல்ல நாங்க தொடவே இல்லீங்க" என்றாய், முகம் மாறாமல். அவர் வாயை மூடியவர், பேனர் கைக்கு வரும்வரை திறக்கவில்லை.

அவர் போனதும்தான் சொன்னாய்: "முகத்துக்கு வாளி எடுக்காத. பிரஷ்ஷ எடு. மெல்லிசா, தடவித் தடவி." வாளி ஊற்றினால் கன்னமும் குழியும் ஒரே தட்டையாகிவிடும். முதலாளி சாப்பிடப் போகும் நேரத்தில், அவர் வெளுத்த முகங்களை அப்படித்தான் மீட்பாய். சுடிதார் கையை ஏற்றிவிட்டு, முழங்கையை ஸ்கிரீன் பக்கத்தில் வைத்துக்கொள்வாய். "நம்மூரு கலரு இதான். இதப் பாத்து கலக்கு." மீண்டு வந்த முகங்களை ஒருவரும் திருப்பிக் கொண்டுவரவில்லை. முதலாளிக்கு அது கடைசிவரை தெரியாது.

அடுத்த வாரம் உனக்கு வருஷம் திரும்புகிறது. மத்தியானம் உன் அண்ணன் நினைவு நாள் பேனருக்குச் சொல்ல வந்தார்.

"அதே படத்தையே போட்டுடும்மா. நல்லா கலரா இருந்துச்சு."

"அது அவ இல்லண்ணா."

"கறுப்பா போட்டா ஜனம் சிரிக்கும்மா."

"அவ இருந்தப்ப யாரு சிரிச்சா? அவதான் சிரிச்சிக்கினு இருந்தா."

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். "சரி, செஞ்சி வை. சாயந்திரம் பாக்கறேன். எங்க அம்மாவுக்கு அடையாளம் தெரியணும், அவ்ளோதான்" என்று போனார்.

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, உன் நிறத்தில் உன் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் போனில் எடுத்தவை. அந்தப் போன் எடுக்கும்போதே வெளுத்துவிடுகிறது. இத்தனை முகங்களை மீட்டவளுக்கு ஒரு சொந்த முகம் மிச்சமில்லை.

வாளியைத் தொடவில்லை. பிரஷ்தான், மெல்லிசாகத் தடவிக்கொண்டிருக்கிறேன். நெற்றி வந்துவிட்டது. மூக்கு நீயேதான். கன்னத்தில் மட்டும் சிவப்பு கம்மியா, ஜாஸ்தியா, தெரியவில்லை. வாசலில் உன் அண்ணன் வண்டியை நிறுத்துகிறார்.

கையை ஏற்றிவிட்டு இப்படி ஸ்கிரீன் பக்கத்தில் நீட்டுடி. ஒரு நிமிஷம் போதும்.