துவாயை நீட்டினேன், அப்பா

அன்புள்ள என்ர அப்பா,

இதை ஒருவருக்கும் காட்டாதீங்கோ. பக்கத்தில் புனிதர்கள் இருந்தால் அவர்களுக்கும் வேண்டாம். பெரியப்பா முன்அறையில் படுத்திருக்கிறார். வெளிச்சம் தெரியாமல் கதவுக்கீழே என் பள்ளிக்கூடச் சட்டையைச் சுருட்டி வைத்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் ஏசாதீங்கோ.

பாஸ்குத் திருநாள் முடிந்து திங்கட்கிழமை வான் வண்டி வருமாம். பெரியப்பா அம்மாவை மன்னாரில் கன்னியாஸ்திரிகளின் இல்லத்தில் விட்டுவிட்டு, என்னை நீர்கொழும்புக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவாராம். "ஒரு காலோட இவள் எப்பிடி ஒரு குமர்ப்பிள்ளையை வளர்க்கிறது? தகப்பன்ர இடத்தில இனி நான்தான்" என்றார். நீங்கள் மோட்சம் போன இந்த ஒரு வருடமும் அம்மா அந்த ஒரு காலால் தையல் மெஷினை மிதித்துத்தான் எனக்குச் சோறு போட்டார். அதை ஏன் பெரியப்பா கேட்கவேயில்லை?

இன்று பெரிய வியாழன். ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவிய நினைவாகக் கோயிலில் பாதம் கழுவப்படும் பன்னிரண்டு பேரில், நீங்கள் வழக்கமாக இருக்கும் கதிரையில் பெரியப்பாவை இருத்தினார்கள். பங்குச் சுவாமி அவருடைய காலைக் கழுவித் துடைத்தார். நான் உங்களையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு வருடமும் கோயிலால் வந்ததும் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் அம்மாவை இருத்தி, நீங்கள் அவருடைய காலைக் கழுவுவீர்களே. கல்யாணம் முடித்த முதல் வருடம் பொய்க்காலையும் சேர்த்துக் கழுவி, தோல்பட்டி ஊறிப்போய், அம்மா அதைப் பூட்ட ஏலாமல் போனதாம். பாஸ்குப் பூசைக்கு அவரை முதுகில் சுமந்துகொண்டு போனீர்களாம். "பொண்டாட்டியைச் சுமக்கிற கழுதை" என்று பெரியப்பா சிரிக்க, "ஆண்டவரையும் கழுதைதானே சுமந்தது" என்றீர்களாம். இப்போதும் அம்மா அதைச் சொல்லிச் சிரிப்பார்.

இன்றைக்கு, நீங்கள் தண்ணீர் எடுக்கும் அந்த நீலச் சட்டியை நான் எடுத்தேன்.

"வேண்டாம் பிள்ளை" என்றார் அம்மா. நான் கேட்கவில்லை. ஒரு காலைக் கழுவினேன். பொய்க்காலை, நீங்கள் அடுத்த வருடங்களில் செய்ததுபோல, காய்ந்த துவாயால் துடைத்தேன்.

"இதென்ன கூத்து?" என்று பெரியப்பா வாசலில் நின்றார்.

துவாயை அவரிடம் நீட்டினேன். "அப்பான்ர இடம் வேணுமெண்டால் இந்தாங்கோ, பெரியப்பா. அவர் இதைத்தான் செய்தவர்."

"வாய் நீண்டு போச்சு உனக்கு. பொம்பிளையின்ர காலை நான் தொடுறதோ?"

அம்மா தலையை நிமிர்த்தினார். "அவர் பதினாறு வருசமும் தொட்டவர், அத்தான். நான் ஒரு இடமும் வரமாட்டன்."

பெரியப்பா கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார். அவர் மனம் மாறியிருக்குமா? எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் உங்களுக்கு வாக்குத் தருகிறேன். திங்கட்கிழமை அந்த வானில் நான் ஏறமாட்டேன். அம்மாவை ஏற்றவும் விடமாட்டேன். அடுத்த பெரிய வியாழனும் இதே குசினியில், இதே சட்டியில். தோல்பட்டியை நனைக்கமாட்டேன்.

அம்மாவோடு இங்கேயே இருக்கும்,
உங்கட மகள்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்கிறது. பெரியப்பாதான். பக்கத்தில் படுத்திருந்த அம்மா எழும்பிப் பொய்க்காலைப் பூட்டுகிறார். நின்றுகொண்டுதான் பேசப்போகிறார். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறேன், அப்பா.