அசையாமல் நின்ற கோடு

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி, அத்தானின் இருமல் எல்லாம் குறைந்ததா? நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்.

பங்கு வாங்கி விற்கிற இந்த ஆபீசில் நான் தொட்டால்தான் கம்ப்யூட்டரே கண் திறக்கும். நேற்று திரையில் விலைக்கோடு ஏறாமல் இறங்காமல் நின்றது. "சந்தை தூங்குது முதலாளி, நீங்க நிம்மதியா சாப்பிடுங்க" என்றேன். தூங்கியது இன்டர்நெட். வயரைப் பிடுங்கிச் சொருகினேன். கோடு கிணற்றில் விழுந்த வாளி மாதிரி இறங்கியது. விற்க வேண்டியதை விற்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த முதலாளி, "கூப்பிடுற வரைக்கும் இந்தப் பக்கம் வராதேய்யா" என்றார். என் உழைப்பைப் பார்த்துக் கொடுத்த ஓய்வுதான், பயப்படாதே.

அத்தான் கடையில் ஆள் வேண்டுமா என்று கேட்டு வை. எனக்கில்லை, இங்கே ஒரு சிநேகிதனுக்கு. பதிலைச் சீக்கிரம் போடு, அறையில் சும்மாதான் இருக்கிறேன்.

உன் தம்பி