நூற்றாறு சதவீதம்

இன்று காலை ஆய்வக ஓவனைத் திறந்ததும் முழுதாய்க் காயாத வடிதாளின் வாசம் முகத்தில் அடித்தது. புதிதாய்ச் சேர்ந்த பெண் தன் தட்டை வைத்து அரை மணிகூட ஆகவில்லை. நீ செத்து நாற்பது நாள் முடியவில்லை, அதற்குள் வந்து நிற்கிறாய். உயிரோடு இருந்தபோது கூப்பிட்டாலும் வராதவள்.

எர்ணாவூரில் இந்தக் கம்பெனிக்குப் பயிற்சிக்கு வந்தபோது ராயபுரத்திலிருந்து நாம் இருவரும் ஒரே பஸ். பெயிண்டில் சேர்க்கும் வெள்ளைத்தூள் இங்கே தயாராகிறது. இரண்டு கரைசலைக் கலந்தால் வெள்ளையாய் வீழ்படிவு இறங்கும். அதை வடிகட்டி, கழுவி, காயவைத்து எடை போட வேண்டும். கணக்குப்படி வரவேண்டியதில் நூற்றுக்கு எவ்வளவு கையில் வந்தது என்று எழுத வேண்டும். நம் இருவரில் ஒருத்திக்குத்தான் நிரந்தர வேலை என்று மேனேஜர் சொல்லியிருந்தார். கடைசிச் சோதனையில் யாருடைய எண் நம்பும்படி இருக்கிறதோ அவளுக்கு.

உன் சுத்தம் எனக்கு எரிச்சல். பீக்கரில் ஒட்டியிருப்பதை ரப்பர் முனைக் கம்பியால் மூன்று தரம் வழித்தெடுப்பாய். கலந்த கையோடு வடிகட்ட மாட்டாய், சூட்டிலேயே வைத்துத் துகள் பருக்கும்வரை காத்திருப்பாய். "அவசரப்பட்டா தூளு பேப்பர்ல பூந்து ஓடிரும்டி" என்பாய். எனக்கு அது ஓடத்தான் செய்தது. வடிநீர் பால் மாதிரி கலங்கி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அடுத்த வேலைக்குப் போவேன். உன்னிடம் தோற்கப்போகிறேன் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

கடைசிச் சோதனை தவக்காலத்து வெள்ளியில் வந்தது. நீ ஒருசந்தி. ஓவனில் தட்டை வைத்துவிட்டு அந்த ஒரு வேளைச் சோற்றுக்குக் கிளம்பினாய். அப்படியே பிளாண்டில் சாம்பிளும் எடுத்து வர வேண்டும். "ரெண்டு மணி நேரம் ஆனதும் எட்த்து வெளிய வச்சிரு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாய். முக்கால் மணியில் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு என் தட்டை உள்ளே தள்ளினேன். இடமில்லை என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு தட்டுக்கு அங்கே தாராளமாய் இடம் இருந்தது.

நீ திரும்பி வந்து எடை போட்டாய். நூற்றாறு சதவீதம் வந்தது. ஈரம்தான் அப்படி ஏற்றிக் காட்டியது. இப்பதான் எடுத்தேன் என்ற என் பேச்சை நம்பி, தட்டைத் தொடும் முன்பே இரண்டு மணி நேரம் உலர்த்தியதாய்ப் பதிவேட்டில் எழுதியும் வைத்திருந்தாய். உனக்குக் காயவைக்கத் தெரியாதா, இல்லை பொய்யாய் எழுதினாயா என்று மேனேஜர் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய்.

"அஞ்சு அப்பம் ரெண்டு மீன் கதைதான் சார். இவ கை பட்டா எல்லாம் பெருகும்" என்றேன்.

ஆய்வகமே சிரித்தது. நம் கோயிலில் கேட்ட கதையை எடுத்து உன்மேலேயே எறிந்தேன், குறி தப்பவில்லை. அந்த வாரம் முழுக்க உனக்கு அஞ்சு அப்பம் என்றுதான் பெயர். கம்பி வைத்து மூன்று தரம் வழித்த கை அடுத்த மாதம் காசிமேட்டில் ஐஸ் தண்ணீரில் இறால் உரித்தது. என்னுடைய எண்பத்தெட்டு யோக்கியமான எண் என்று மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டு வருஷம் கழித்து ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்தேன். ஆரஞ்சுப் பழமும் ஒரு மன்னிப்பும் எடுத்துக்கொண்டு வந்தேன். பழத்தை நீ தொடவில்லை, மன்னிப்பை எடுக்கவே விடவில்லை.

"தட்டத் தொட்டப்பவே தெர்யும்டி. அப்பதான் எட்த்ததுன்னா கையச் சுடணும். அது ஜில்லுனு இருந்துச்சு."

அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லிருந்தா உன்னயும் தொர்த்திருப்பாங்க. நீ உள்ளயே கெடன்னு வுட்டேன். டெய்லி அந்த ஓவனத் தொறப்ப இல்ல."

பெரிய மனசு என்று நினைத்து அழப்போனவள் உன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அதில் மன்னிப்பு இல்லை. பன்னிரண்டு வருஷமாய் நீ கொடுத்து வந்த தண்டனையில்தான் நான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒன்று கேட்டாய்.

"காஞ்சப்பறம் எவ்ளோடி வந்துச்சு?"

திரும்ப எடை போடவே இல்லை என்றேன். சாகப்போகிறவளிடமும் பொய். அந்த எண்ணைச் சொன்னால் நான் என்ன செய்தேன் என்பது முழுதாய் வெளியே வந்துவிடும் என்று பயந்தேன்.

சோதனை நடந்த அன்று சாயந்திரம் எல்லோரும் போன பிறகு உன் தட்டை மறுபடி ஓவனில் வைத்தேன். எடை அசையாமல் நிற்கும்வரை காயவைத்துப் பார்த்தேன். பிறகு சிங்க்கில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன். கரையாத தூள் என்பதுகூட மறந்துபோயிற்று. வெள்ளையாய் அடியில் படிந்து கிடந்ததை விரலால் தேய்த்துத் தேய்த்துத் துவாரத்துக்குள் தள்ளினேன்.

இன்று அந்தப் பெண்ணின் தட்டை உள்ளேயே விட்டு, இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே நின்றேன். ஏன் நிற்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை.

தொண்ணூற்றேழுடி. உனக்குத் தொண்ணூற்றேழு வந்தது.