பகலில் பாய் விரிக்காதவள்

செனாய்
12.4.1943

அன்புத் தங்கை புஷ்பவள்ளிக்கு,

அக்கா எழுதுவது. மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு நாங்கள் எல்லோரும் சுகம். உன் இழுப்பு எப்படி இருக்கிறது? லாரிக்காரர் சபாபதியிடம் ஓமம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எவ்வளவு மூச்சு வாங்கினாலும் பகலில் பாயை விரிக்காதே. நம் அம்மாவுக்கும் இதே இழுப்புதான். ஒரு மழைக்காலம் படுத்தாள், அதோடு தோட்டத்து லயமே அவளைச் சீக்காளி என்று கூப்பிட ஆரம்பித்தது. பேச்சியம்மாள் என்ற பெயரை அவள் செத்த அன்றைக்குத்தான் யாரோ திரும்பச் சொன்னார்கள். உனக்கு அந்தக் கதி வேண்டாம். காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது முன்னால் போய் நில். மாப்பிள்ளை வேலுவை விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா,
கிருஷ்ணம்மா

பாலோ
3.6.1943

அன்புள்ள அக்காவுக்கு,

ஓமம் வந்தது. என் வீட்டுக்காரர்தான் இல்லை. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துப் போய்விட்டார்கள்.

பெண்டாட்டி படுத்த படுக்கையாக இருந்தால் புருஷனை விட்டுவிடுவார்களாம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீடு வீடாக வந்து பார்த்தார். என் வீட்டுக்காரரே பாயை விரித்து, "இன்னிக்கு மட்டும் படுத்துக்க புள்ள" என்றார். நிஜமாகவே இழுத்துக்கொண்டிருந்தது, நடிக்க வேண்டியதே இல்லை. படுத்தேன்.

கிராணி வாசலில் நின்று, "இதுதான் அந்தச் சீக்காளியா?" என்றார். எனக்கு என்ன ஆயிற்றோ, எழுந்துவிட்டேன். தலையை அள்ளி முடிந்துகொண்டு, "எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்று என் வாயாலேயே சொன்னேன்.

அன்று மாலையே லாரி வந்தது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

புஷ்பவள்ளி

செனாய்
20.6.1943

என் கண்ணே,

எழுந்து நின்றது நீ, நிற்கச் சொன்னது நான். மாப்பிள்ளை வந்துவிடுவார். அதுவரை இங்கே வந்து இரு. நடந்ததை யாரிடமும் சொல்லாதே. பதில் போடு.

அக்கா

பாலோ
10.10.1945

அக்காவுக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் எழுத மனம் வரவில்லை.

அவரோடு லாரி ஏறிய அய்யாவு திரும்பி வந்திருக்கிறார். போன முதல் மழைக்காலத்திலேயே இவர் காலராவில் போய்விட்டாராம். குழி வெட்டியது அய்யாவுதான்.

"எல்லார்கிட்டயும் ஒண்ணையேதான் சொல்லுவான். எம் பொண்டாட்டிக்கு இழுப்பு விட்டுடுச்சு, நான் கெளம்புற அன்னிக்கு அவளா எழுந்து நின்னான்னு. அவ்வளவு சந்தோசம் அவனுக்கு" என்றார்.

நிஜமாகவே நம்பினாரா, எனக்காக அப்படிச் சொல்லிக்கொண்டாரா? இனி யாரைக் கேட்பேன்?

இப்போதெல்லாம் பகலில்தான் பாயை விரிக்கிறேன். கதவைச் சாத்துவதில்லை. போகிறவர்கள் சீக்காளி என்று கூப்பிட்டால் குரல் கொடுக்கிறேன்.

தீபாவளிக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். வராதே அக்கா. உன்னைப் பார்த்தால் எழுந்து தலையை முடிந்துகொள்வேன்.

புஷ்பவள்ளி