வாசலில் ஒரு வெள்ளைக் குறி

அன்புள்ள அம்மாவுக்கு,

நமஸ்காரம். நான் சௌக்கியம், சண்டிகர் குளிரும் பழகிவிட்டது. போனில் கேட்டால் "எனக்கென்னடி, நன்னா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

போன வாரம் ஆபீஸில் ஒரு வேடிக்கை. மனைகளின் சர்வே வரைபடத்தை ட்ரோன் எடுத்த படத்தோடு பொருத்துவதுதானே என் வேலை. அதற்காகத் தெருவில் ஆங்காங்கே வெள்ளைக் குறி தீட்டி, அந்த இடத்தைத் துல்லியமாக அளந்திருப்பார்கள். படத்தில் குறியைக் கண்டுபிடித்து, வரைபடத்தை அதில் பொருத்த வேண்டும். நம் அபிராமபுரம் தெரு பக்கத்து சீட் ஹர்ப்ரீத்துக்கு வந்தது. அவள் எதையோ குறி என்று நினைத்துவிட்டாள். தெருவே நகர்ந்து, நம் வீடு எதிர்வீட்டு சூடாமணி மாமியின் சமையலறையில் போய் உட்கார்ந்தது! மாமி பார்த்திருந்தால், "எங்காத்துக்குள்ள உங்களுக்கு என்ன வேலை?" என்று கிளம்பியிருப்பாள்.

பெரிதாக்கிப் பார்த்தேன். போன மார்கழியில் நீ போட்ட கோலம், அம்மா. இடது பக்கத் தாமரை வழக்கம்போலக் கொஞ்சம் கோணல். ஹர்ப்ரீத் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நாரத்தங்காயும் குக்கர் கேஸ்கெட்டும் கொடுத்தனுப்பு.

சரிபார்ப்பதற்காக இந்த மார்கழியில் மறுபடி எடுத்த படம் நேற்று வந்தது. மாமி வாசலில் கோலம் இருக்கிறது. நம் வாசல் வெறிச்சென்று கிடக்கிறது. முட்டி வலியா, அம்மா?

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. பொங்கலுக்கு டிக்கெட் போட்டாயிற்று. கோலமாவு மட்டும் வாங்கி வை. இடது தாமரையைக் கோணலாகவே போடுகிறேன்.

மதுவந்தி