சலாலாவில் முளைக்காத கேழ்வரகு

அல்சூர், பெங்களூர் 8
22.10.1999

சிரஞ்சீவி ப்ரஹ்லாதுக்கு அம்மா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவதுதான் என் வழக்கம். இந்தத் தடவை அப்படிப் போக மனசு வரவில்லை, கேள்வியாகவே கேட்கிறேன், சௌக்கியமாக இருக்கிறாயா? போனில் கேட்டால் நன்றாக இருக்கிறேன், சாப்பிட்டேன், வைக்கட்டுமா என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். ஆபீசில் வைத்துப் படிக்காதே, ரூமுக்குப் போய் காலை நீட்டி உட்கார்ந்து படி.

நவராத்திரி ஒரு மாதிரி முடிந்தது. அப்பா போன பிறகு போன வருஷம் பொம்மைப் பெட்டியையே திறக்கவில்லை. இந்த வருஷமும் வேண்டாம், ஒண்டியாக இருப்பவளுக்கு எதற்குக் கொலு என்றுதான் நினைத்திருந்தேன். அப்போது பார்த்து உன் சிநேகிதன் தியோடர் லீவில் வந்தவன், விவேக் நகரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து நீ கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழத்தையும் மணல் பையையும் கொடுத்துவிட்டுப் போனான். வஹீபா பாலைவனத்துக்குப் போயிருந்தபோது உனக்காக அள்ளிக்கொண்டு வந்தேன் அம்மா என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சின்ன வயசில் கொலுப்படிக்குப் பக்கத்தில் நீ பார்க் கட்டுவாயே, பொம்மை டிராபிக் போலீஸ்காரரை நிற்க வைத்து, அந்த இடத்தில் இந்த வருஷம் உன் ஓமன் தேசத்தையே வைத்துவிடுவது என்று இறங்கிவிட்டேன்.

எல்லாம் நீ எழுதியபடிதான். வஹீபா மணல்மேட்டைக் குவித்து, காற்று போட்ட வரி மாதிரி இருக்கட்டும் என்று சீப்பால் இழுத்துவிட்டேன். அப்பா கனிம இலாகாவில் வேலை பார்த்த காலத்தில் ஊர் ஊராகப் பொறுக்கி வந்து கட்டிலுக்கடியில் போட்டிருந்த கல்லெல்லாம் ஜபல் ஷம்ஸ் மலையாகிவிட்டது, அதை எத்தனை தடவை வெளியே எறியச் சொல்லி அவரைத் திட்டியிருப்பேன். வாதி ஷாப் பள்ளத்தாக்கில் பச்சைத் தண்ணீர் என்றாயே, அதற்கு உடைந்த கண்ணாடியில் பச்சைக் காகிதம் ஒட்டினேன். பூமி உள்வாங்கி நீலத் தண்ணீர் நிற்கும் குழிக்கு ஒரு கிண்ணத்தைப் புதைத்து சொட்டு நீலம் விட்டேன். ஒட்டகம் கிடைக்கவில்லை, சென்னபட்டணத்து மரக்குதிரை முதுகில் களிமண்ணை அப்பி ஒட்டகம் என்று சொல்லிவிட்டேன், யாரும் ஆட்சேபிக்கவில்லை. மழைக்காலத்தில் பாலைவனத்து ஓரத்திலேயே பச்சைப்பசேலென்று ஆகிவிடும் சலாலா மலைக்கு, உன் மணலையே குவித்து ஊறவைத்த கேழ்வரகைத் தூவினேன்.

மணலைச் சலிக்கும்போதே சல்லடையில் நாலைந்து குட்டிச் சிப்பி நின்றது. பாலைவனத்தில் ஏது சிப்பி என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பாலைவனமெல்லாம் ஒரு காலத்தில் கடலாக இருந்ததுதான் என்று அப்பா சொல்லியிருப்பது ஞாபகம் வந்தது, சரி என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் கேழ்வரகு முளைக்கவே இல்லை. அதே தானியம் டால்டா டப்பாவில் தோட்டத்து மண்ணில் போட்டது தளதளவென்று வந்துவிட்டது. சலாலா மட்டும் மொட்டையாகவே இருந்தது. பக்கத்து வீட்டு கௌரம்மா வந்து, இது யாவ ஊரு என்று கேட்டாள், என் மகன் இருக்கிற ஊர், வெள்ளிக்கிழமை லீவு விட்டால் ஒவ்வொரு இடமாகப் போய்விடுவான் என்று பெருமையாகச் சொன்னேன். வந்தவர்களுக்கு நான் குங்குமம் கொடுக்கக் கூடாதென்று அவர்களுக்கு ஒரு தயக்கம், எனக்கும்தான். மாடியில் குடியிருக்கும் சந்திரசேகரன் மனைவியைக் கூப்பிட்டுக் கொடுக்கச் சொல்லி நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டேன். என் வீட்டுக் கொலுவில் நானே விருந்தாளி மாதிரி இருந்தது. சுண்டல் தினமும் மீந்தது.

சரஸ்வதி பூஜையன்று எல்லோரும் போன பிறகு அந்த மொட்டை மலையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு கரித்தது.

விஜயதசமியன்று தியோடர் சொல்லிக்கொண்டு போக வந்தான். சுண்டலைக் கையில் கொடுத்து, வஹீபாவுக்கு நீங்கள் எல்லோரும் சேர்ந்துதானே போனீர்கள் என்று கேட்டேன். பையனுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. சுண்டலைக் கீழே வைத்துவிட்டு, "ஆன்ட்டி, அவன் எங்கயும் வர்றதே இல்ல. நாங்க வண்டி எடுத்துக்கினு போவோம், கூப்ட்டா தல வலிக்குதுன்னு படுத்துக்குவான். சாயந்தரம் ஆனா பீச்சுல போயி தனியா ஒக்காந்துனு இருப்பான்" என்றான். நீ எழுதிய இடமெல்லாம் உங்கள் ஆபீஸ் சுவரில் தொங்கும் காலண்டர் படங்கள் என்றும் சொன்னான். அவனைக் கோபித்துக்கொள்ளாதே, நான் விடாமல் கேட்டேன்.

எனக்கும் உன்மேல் கோபம் இல்லை. வாதி ஷாப்பில் பாறைக்கு நடுவே நீந்திக்கொண்டே போனால் ஒரு குகை, அதற்குள் அருவி விழுகிறது என்று எவ்வளவு அழகாக எழுதியிருந்தாய். உனக்கு நீச்சல் தெரியாது என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. அப்பா உன்னைக் கூட்டிக்கொண்டு போய் அல்சூர் ஏரிக்கரையில் நிறுத்தினாலே என் புடவையைத் தேடி ஓடி வருகிறவன் நீ. பெற்றவளுக்கு அது ஞாபகம் வர வேண்டாமா? பிள்ளை சந்தோஷமாக ஊர் சுற்றுகிறான் என்கிற ஆசையில் எல்லாவற்றையும் அப்படியே நம்பிவிட்டேன். அம்மா கவலைப்படக்கூடாது என்று நீ எழுதினாய், தெரிகிறது. ஆனால் வெள்ளிக்கிழமை சாயந்தரம் நீ அங்கே கடலைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சாதம் இறங்கவில்லை. எனக்கும் இங்கே தனியாகத்தான் இருக்கிறது ப்ரஹ்லாத். அப்பாவின் நாற்காலியில் துணி மடித்து வைக்கிறேன், காலியாகப் பார்க்கப் பிடிக்காமல். சாயந்தரம் ஏரிக்கரை பெஞ்சில் போய் உட்கார்ந்து இருட்டுகிற வரைக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நம் இரண்டு பேருக்கும் ஒரே வியாதி, மருந்து மட்டும் ஆளுக்கொரு ஊரில் தேடுகிறோம்.

அங்கே வா என்று நீ கூப்பிட்டபோதெல்லாம் வீட்டை யார் பார்த்துக்கொள்வது, விளக்கு யார் ஏற்றுவது என்று நான்தான் தட்டிக்கழித்தேன். நேற்று பஜார் வீதி ஸ்டூடியோவில் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டேன், ஜெயிலிலிருந்து வந்தவள் மாதிரி இருக்கிறது. பாஸ்போர்ட் மனுவை மாடி சந்திரசேகரன் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றிருக்கிறான். பாஸ்போர்ட் வந்ததும் எழுதுகிறேன், விசாவுக்கு ஏற்பாடு செய். கோடை வெயில் ஏறுவதற்குள் வருகிறேன். விளக்கை மாடியில் இருக்கிறவள் ஏற்றுவாள், கேட்டுவிட்டேன். ஆனால் காலண்டர் பார்த்து எனக்கு ஊரைச் சுற்றிக் காட்டக் கூடாது. நான் வருவதற்கு முன்னால் தியோடரோடு ஒரு இடத்துக்காவது போய்ப் பார்த்துவிட்டு வா. எனக்கு வண்டியில் குமட்டும், வழியில் எங்கே நிழல் இருக்கிறது, எங்கே காபி கிடைக்கும் என்றெல்லாம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீந்திப் போகிற இடம் நம் இரண்டு பேருக்கும் வேண்டாம்.

தியோடர் நாளைக்குத்தான் ப்ளேன் ஏறுகிறான், அவனிடமே இந்தக் கடிதத்தையும் புளிக்காய்ச்சலும் தட்டையும் கொடுத்தனுப்புகிறேன். தட்டையை ரூமில் எல்லோருக்கும் கொடு, கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத் தின்னாதே. ராத்திரி பன்னைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு பிடி சாதம் வடித்துக்கொள். தலைவலி என்று சொல்லிச் சொல்லி நிஜமாகவே வந்துவிடப் போகிறது, எண்ணெய் தேய்த்துக் குளி. சோமேஸ்வரர் கோவிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன், விபூதி உள்ளே வைத்திருக்கிறேன். தீர்க்காயுசாக, நாலு பேரோடு சிரித்துப் பேசிக்கொண்டு இரு.

பொம்மைகளைப் பெட்டியில் கட்டி வைத்துவிட்டேன். உன் மணலை மட்டும் கொட்ட மனசு வரவில்லை, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன். எந்த இடத்து மணலாக இருந்தால் என்ன, நீ உட்கார்ந்திருந்த இடத்து மணல்.

இப்படிக்கு,
உன் அம்மா
பாகீரதி சுப்ரமணியன்

மறந்துவிடாதே. வஹீபாவுக்குப் போனால் ஒரு பிடி அள்ளி அனுப்பு. நாக்கில் வைத்துப் பார்ப்பேன்.